ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி வழியாக என் ரெஸ்யூம் போய்விட்டது, இப்போது என்ன செய்வது?

தரமணி டெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஏழு வருட அனுபவம். போன மாதம் எங்கள் புராஜெக்ட் முடிந்து என்னை வேறு புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிரவே நௌக்ரி வேலைத் தளத்தில் புரொஃபைலைப் புதுப்பித்தேன். மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து போன் ஓயவில்லை. மூன்று வாரத்தில், கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் பதினோரு கன்சல்டன்சிகளிடம் பேசியிருப்பேன். வந்தவர்கள் எல்லோருக்கும் சரி என்று சொல்லி ரெஸ்யூம் அனுப்பினேன். வீட்டுக் கடன், பையனின் பள்ளிக் கட்டணம் என்று இருக்கும்போது யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நேற்று ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு வங்கியின் டெக் சென்டரிலிருந்து எச்ஆர் கூப்பிட்டார். "உங்கள் புரொஃபைல் எங்களுக்கு இரண்டு கன்சல்டன்சி வெண்டர்களிடமிருந்து வந்திருக்கிறது. யாருக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள்? மெயிலில் சொல்லுங்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் கன்சல்டன்சி (ஏ என்று வைத்துக்கொள்வோம்) கம்பெனி பெயரைச் சொல்லி, ஜேடி (வேலை விவரம்) அனுப்பி, நான் மெயிலில் சம்மதம் சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள். இன்னொருவர் (பி) "அமெரிக்க வங்கி, சென்னை லொகேஷன், கிளையன்ட் பெயர் ரகசியம்" என்று மட்டும்தான் சொன்னார். இரண்டும் ஒரே இடம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. ஏ-விடம் வருடச் சம்பளம் 16 லட்சம் எதிர்பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பி-யிடம் 18. இதனால் என் பெயர் கெட்டுவிடுமா? இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. இழக்க விருப்பமில்லை.

நுங்கம்பாக்கம் அக்கா

தம்பி, முதலில் தண்ணீர் குடியுங்கள். இது தினமும் நடப்பதுதான். ஆறு வருடம் ஒரு கன்சல்டன்சியில் ரெக்ரூட்டராக இருந்தவள் நான். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

கன்சல்டன்சிக்குப் பணம் கம்பெனியிடமிருந்து வருகிறது. நிரந்தர வேலை என்றால் பரவலாக இருக்கும் கணக்கு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். சில இடங்களில் இதைவிடக் குறைவு, கிடைக்காத திறமைக்கு அதிகம். 14 லட்சத்துக்கு உங்களைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்குச் சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம். நீங்கள் சேர்ந்து சில மாதங்களுக்குள் வெளியேறினால் இன்னொருவரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். 90 நாள் என்று வைத்திருக்கும் ஒப்பந்தங்கள்தான் நான் அதிகம் பார்த்தவை.

இந்தப் பணம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஒரே கம்பெனி ஒரே ஜேடியை ஐந்தாறு வெண்டர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும். யார் முதலில் கம்பெனியின் ஆன்லைன் போர்ட்டலில் உங்கள் ரெஸ்யூமை ஏற்றுகிறார்களோ அவர்களுக்கே நீங்கள் "சொந்தம்" என்று கணக்கு. அதனால்தான் போனில் அவ்வளவு அவசரம். ஜேடி எங்கள் மெயிலுக்குக் காலை பத்தரைக்கு வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு புரொஃபைல் ஏற்றியிருக்க வேண்டும் என்பார் டீம் லீட். உங்களிடம் நிதானமாக விளக்கிச் சொல்ல விரும்பினாலும் நேரம் இருக்காது.

கிளையன்ட் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. பெயர் சொன்னால் நீங்கள் நேரடியாக விண்ணப்பித்துவிடுவீர்கள், அல்லது அங்கே வேலை பார்க்கும் நண்பர் வழியாக ரெஃபரலில் போய்விடுவீர்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் ரெஸ்யூமை ஏற்றுவதற்கு முன்னால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். "பெயர் சொல்லுங்கள், நான் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு அனுப்புங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. அப்போதும் மறுப்பவரிடம் ரெஸ்யூம் கொடுக்காதீர்கள்.

அடையாறு ஆலமரம்

நான் கம்பெனிப் பக்கம், ஆள் எடுக்கும் டீமில் இருக்கிறேன். எங்கள் திரையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். மெயில் ஐடி, மொபைல் நம்பர் இரண்டையும் வைத்து சிஸ்டம் ஒப்பிடும். ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது வெண்டருக்கு "டூப்ளிகேட்" என்று வந்துவிடும். உங்கள் விஷயத்தில் இரண்டும் உள்ளே வந்திருக்கிறது என்றால், அநேகமாக பி வேறு மெயில் ஐடியோ வேறு நம்பரோ போட்டு ஏற்றியிருக்கிறார்.

ஒரு புரொஃபைல் ஒரு வெண்டர் பெயரில் பதிவானால் அது ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம் அவர்கள் கணக்கிலேயே இருக்கும். இந்த இடைவெளியில் நீங்கள் ரெஃபரலில் வந்தாலும், நேரடியாக எங்கள் தளத்தில் விண்ணப்பித்தாலும் அந்த வெண்டர் கேட்டால் நாங்கள் பணம் கொடுத்தாக வேண்டும். அதனால் தகராறு வரும் போலிருந்தால் சில மேனேஜர்கள் அடுத்த ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் நடக்கிறது. உங்களை அந்த எச்ஆர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார் என்பதே நல்ல அறிகுறி. வேண்டாம் என்று நினைத்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்.

இன்றே பதில் எழுதுங்கள். யாருக்கு எந்தத் தேதியில் சம்மதம் சொன்னீர்கள், அந்த மெயிலின் நகல், பி உங்களிடம் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை என்ற உண்மை, அவ்வளவு போதும். பி-யைத் திட்டி எழுத வேண்டாம். சம்பள எதிர்பார்ப்பு இரண்டு விதமாகப் போயிருக்கிறது என்பதையும் நீங்களே சொல்லி, எது சரியான தொகை என்று தெளிவாக்கிவிடுங்கள். அவர்கள் கேட்டு நீங்கள் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், இரண்டு பேரிடமும் "நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமை எனக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இதைத் தவற விடாதீர்கள்.

தரமணி டெஸ்டர்

நன்றி அக்கா, நன்றி சார். மெயில் அனுப்பிவிட்டேன். ரெஸ்யூமும் கேட்டேன். ஏ உடனே அனுப்பினார்கள். மேலே அவர்கள் லோகோ, என் மொபைல் நம்பர் நீக்கப்பட்டிருந்தது, மற்றபடி நான் எழுதியது அப்படியே இருந்தது.

பி அனுப்ப மறுத்தார். மூன்று முறை கேட்ட பிறகு மாலையில் வந்தது. திறந்து பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. இரண்டாவது பக்கத்தில் "பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங், ஜேமீட்டர், 3 வருடம்" என்று இருக்கிறது. வாழ்நாளில் ஜேமீட்டர் என்ற அந்தக் கருவியை இரண்டு நாள் பயிற்சியில் பார்த்ததோடு சரி. நான் செலினியம் (வேறொரு டெஸ்டிங் கருவி) ஆள். என் பெயரில், என் எழுத்துருவில், நான் எழுதாத வரி. மெயில் ஐடியில் ஒரு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். ஆலமரம் சார் சொன்னது அப்படியே சரி.

கோவை ராமநாதபுரம்

ஐயோ, இது எனக்கும் நடந்தது. நான்கு வருடம் முன்பு. இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அச்செடுத்த காகிதத்தைப் பார்த்து "கூபர்நெட்டிஸில் உங்கள் கிளஸ்டர் அளவு என்ன" என்று கேட்டார். நான் விழித்தேன். "ரெஸ்யூமில் போட்டிருக்கிறீர்களே" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பச்சை மையில் அந்த வரியைக் கோடிட்டிருந்தார். நான் எழுதவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த அவநம்பிக்கையை இன்னும் மறக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். உழைத்துச் சேர்த்த பெயரை நம்மைப் பார்த்தே இராத ஒருவர் ஒரு வரியில் கெடுத்துவிடலாம்.

அன்றிலிருந்து பிடிஎஃப் மட்டும்தான் கொடுக்கிறேன். வேர்ட் கேட்டால், மாற்றினால் எனக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்று மெயிலில் எழுதிவிட்டுக் கொடுப்பேன். இன்டர்வியூவுக்கு என் சொந்தப் பிரதி இரண்டு எடுத்துப் போய் உட்கார்ந்தவுடன் மேஜையில் வைத்துவிடுவேன். நண்பரே, நீங்கள் அந்த ஜேமீட்டர் வரி பற்றி எச்ஆருக்கு உடனே எழுதுங்கள். இன்டர்வியூ வரை காத்திருக்காதீர்கள்.

நுங்கம்பாக்கம் அக்கா

ராமநாதபுரம் சொல்வதை வழிமொழிகிறேன். லோகோ போடுவதும் நம்பரை எடுப்பதும் வழக்கம், அதில் தப்பில்லை. ஜேடியில் இருக்கும் வார்த்தை ரெஸ்யூமில் இல்லாவிட்டால் போர்ட்டல் தேடலில் மேலே வராது, அதனால் "இதைச் செய்திருக்கிறீர்களா, சேர்த்து அனுப்புங்கள்" என்று கேட்பதும் சரிதான். கேட்காமல் சேர்ப்பது மோசடி. என் டீமில் ஒரு பையன் இப்படிச் செய்தபோது நான் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரகடம் ஷிஃப்ட்

ஐடிக்காரர்கள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஃபேக்டரிப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கான்ட்ராக்டர் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். இங்கே 8.33 கணக்கெல்லாம் கிடையாது. நமக்குச் சம்பளம் போடுவதே கான்ட்ராக்டர்தான். கம்பெனி அவருக்கு ஒரு தொகை கொடுக்கும், அதில் பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் போக நமக்கு வருவது ஒரு தொகை, நடுவில் இருப்பது அவருடையது. அதனால் நிரந்தர வேலைக்கு அனுப்பும் கன்சல்டன்சிக்கு நம் சம்பளம் ஏறினால் லாபம், கான்ட்ராக்டருக்கு நம் சம்பளம் இறங்கினால் லாபம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று புரியும்.

ஐடியிலும் சி2எச் (முதலில் கான்ட்ராக்ட், பிறகு நிரந்தரம்) என்று சொல்வது இதே கதைதான். "கிளையன்ட் பேரோலா, உங்கள் பேரோலா" என்று, அதாவது சம்பளம் போடுவது யார் என்று, முதல் போனிலேயே கேளுங்கள். நான் டிப்ளமோ முடித்த வருடம் கேட்கத் தெரியவில்லை. பெரிய கார் கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். முதல் சம்பளச் சீட்டில் கேள்விப்படாத ஒரு பெயர். அம்மாவிடம் அதைக் காட்டவே இல்லை.

அந்த வருடமே தாம்பரத்தில் ஒரு ஆபீஸில் பதிவுக் கட்டணம் 3,000 ரூபாய் கேட்டார்கள், கட்டினேன். ஒரு இன்டர்வியூ கூட வரவில்லை. இப்போது என் தம்பிகளிடம் சொல்வது, நம்மிடம் பணம் கேட்கிறவர் ரெக்ரூட்டர் இல்லை, எழுந்து வந்துவிடு.

சிராங்கூன் சாலை

வெளிநாட்டு வேலைக்கு மட்டும் அதில் ஒரு திருத்தம். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணம் வாங்கலாம், ஆனால் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயரைத் தேடிப் பார்க்கலாம். லட்சக்கணக்கில் கேட்கும் ஆளிடம் இந்த 30,000 கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

சிங்கப்பூர்ப் பக்கம் ஏஜென்சிக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அமைச்சின் தளத்தில் ஏஜென்சியையும் தேடலாம், அங்கே வேலை பார்க்கும் ஆளின் பதிவு எண்ணையும் தேடலாம். ஊழியரிடம் வாங்கும் கட்டணம் ஒப்பந்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. இங்கே வந்து, அதைவிட அதிகம் கட்டிய ரசீதைக் காட்டி அழும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பலர் ஊரில் மூன்று பேர் கை மாறி வந்தவர்கள். ஆளுக்கு ஒரு பங்கு போயிருக்கிறது.

வேளச்சேரி மழை

ஒரு சந்தேகம். பான் எண் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? "போர்ட்டலில் போடணும், இல்லாவிட்டால் ஏற்ற முடியாது" என்கிறார்கள். ஒருவர் ஆதாரும் கேட்டார்.

அடையாறு ஆலமரம்

டூப்ளிகேட் வராமல் இருக்க சில கம்பெனிகள் பான் எண்ணையோ பிறந்த தேதியையோ கேட்பது உண்மை. எங்களிடமும் அந்தக் கட்டம் உண்டு. கம்பெனி பெயர் தெரிந்து, நீங்கள் மெயிலில் சம்மதித்த பிறகு என்றால் பரவாயில்லை.

நுங்கம்பாக்கம் அக்கா

இதில் நான் உடன்படவில்லை சார். பான் எண் ஒரு முறை கன்சல்டன்சியின் எக்செல் ஷீட்டில் ஏறினால் அது எத்தனை பேர் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டுப் போகும் ரெக்ரூட்டர் அந்த ஷீட்டைக் கையோடு கொண்டுபோவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆதார், பிஎஃப் எண் (யுஏஎன்), சம்பளச் சீட்டு எல்லாம் ஆஃபர் கட்டத்தில், கம்பெனியின் சொந்த மெயிலிலிருந்து கேட்டால் மட்டும். பான் கட்டாயம் என்றால் கடைசி நான்கு எழுத்து போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

அடையாறு ஆலமரம்

சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் போர்ட்டலிலேயே அந்தக் கட்டம் கட்டாயமா என்று நாளைக்குக் கேட்கிறேன். உண்மையில் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மயிலாப்பூர் மாடவீதி

பதினோரு கன்சல்டன்சி என்பதே அதிகம் என்று தோன்றுகிறது. குழந்தை பிறந்து ஐந்து வருடம் வீட்டிலிருந்துவிட்டு நான் மறுபடி வேலை தேடியபோது முதலில் எல்லோரிடமும் பேசினேன். "கேரியர் கேப்" என்ற வார்த்தை வந்ததும் போனை வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் நாற்பது நிமிடம் பேசினார். அக்கவுன்ட்ஸில் எனக்கு என்ன தெரியும், ஜிஎஸ்டி வந்த பிறகு வேலை பார்த்திருக்கிறேனா, காலை எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும் என்று கேட்டார். நான் 2016இல் விட்டவள், ஜிஎஸ்டி 2017 ஜூலையில்தான் வந்தது. "இரண்டு மாதம் படித்துவிட்டு வாங்க, அதுவரை உங்களை எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்றார். படித்தேன். அவர் அனுப்பியது இரண்டே இடம், இரண்டாவது இடத்தில் இன்றும் இருக்கிறேன். நல்ல ரெக்ரூட்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வேலை கிடைத்த பிறகும் அவருக்குப் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள்.

தரமணி டெஸ்டர்

பத்து நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜேமீட்டர் விஷயத்தையும் எழுதி, என் சொந்த ரெஸ்யூமை இணைத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த எச்ஆரே கூப்பிட்டார். போர்ட்டலில் நேரப்படி பார்த்தால் பி-தான் முதலில் ஏற்றியிருக்கிறார், ஆனால் எழுத்துச் சம்மதம் ஏ-விடம்தான் இருக்கிறது, அதனால் ஏ வழியாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றார். முதல் சுற்று முடிந்தது. செலினியம் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். ஜேமீட்டர் தெரியுமா என்றும் கேட்டார்கள், தெரியாது என்றேன். இரண்டாம் சுற்று வியாழக்கிழமை.

இதற்கிடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, கன்சல்டன்சி, பேசியவர், கம்பெனி பெயர், எந்தப் பேரோல், நான் சொன்ன தொகை, சம்மதம் அனுப்பிய மெயில் தேதி என்று கோடு போட்டிருக்கிறேன். கம்பெனி பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ரெஸ்யூம் போகாது. தொகை எல்லா வரியிலும் ஒன்றுதான், 16. பதினோரு பேரில் நான்கு பேரோடு நிறுத்திக்கொண்டேன். மற்றவர்களுக்கு நன்றி சொல்லி, என் புரொஃபைலை இனி எங்கும் அனுப்ப வேண்டாம் என்று மெயில் போட்டுவிட்டேன். நோட்டில் எழுதும்போதுதான் தெரிந்தது, இன்னொரு கம்பெனிக்கும் இதே மாதிரி இரண்டு பேர் வழியாகப் போகவிருந்தது. முந்தாநாள் அதைத் தடுத்துவிட்டேன்.

நேற்று மாலை பி-யிலிருந்து என்னிடம் பேசிவந்த அந்தப் பெண் கூப்பிட்டாள். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். சேர்ந்து நான்கு மாதமாம். "சார், அந்த வரியை நான் சேர்க்கலை, லீட் சேர்க்கச் சொன்னார், மெயில் ஐடியை மாத்தினது மட்டும் நான்தான், மன்னிச்சிடுங்க" என்றாள். கோபமாகப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. இனி யாருக்கும் அப்படிச் செய்யாதே என்று மட்டும் சொன்னேன்.

நுங்கம்பாக்கம் அக்கா

தம்பி, வியாழக்கிழமைக்கு வாழ்த்துகள். அந்தப் பெண்ணின் நம்பர் இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என் பழைய டீமில் இருந்த ஒருத்தி இப்போது தனியாக நடத்துகிறாள், ஒழுங்காக நடத்துகிறாள். அவளுக்கு ஆள் வேண்டும் என்று போன வாரம்தான் சொன்னாள்.